மருத்துவமனை அலுவலர் செயற்கை நுண்ணறிவை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

வைகைக்கரை:
வணக்கம். நடுத்தர மருத்துவமனை ஒன்றில் பில்லிங், காப்பீட்டுப் பிரிவுகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். வணிகவியல் படித்தவன்; நிரல் எழுதத் தெரியாது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் விற்க வருகிறவர்கள் "95 சதவீதத் துல்லியம்" என்கிறார்கள். எதைத் திருப்பிக் கேட்பது என்று தெரியாமல் கோப்பை மேலிடத்துக்கு அனுப்பிவிடுகிறேன். இக்கருவிகளை எடைபோடும் அளவுக்குக் கற்க விரும்புகிறேன். பைத்தான் நிரல்மொழியில் தொடங்குவதா, மேலாண்மைப் படிப்பில் சேர்வதா?

எண்சுவடி:
ஐயா, இரண்டுக்கும் முன்பாக ஒரு தரவுத் தொகுப்பை எக்செலில் திறந்து பாருங்கள். அமெரிக்காவின் பீமா பழங்குடிப் பெண்கள் 768 பேரின் நீரிழிவுத் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இன்சுலின் பத்தியில் 374 பேருக்கும், இரத்த அழுத்தப் பத்தியில் 35 பேருக்கும் பூச்சியம் என்று இருக்கும். உயிரோடிருப்பவருக்கு இரத்த அழுத்தம் பூச்சியமாக இருக்க முடியாதல்லவா? அளவு பதிவாகாத இடங்களில் பூச்சியம் நிரப்பப்பட்டிருக்கிறது. கணினியோ அதை உண்மையான அளவாகவே எடுத்துக்கொண்டு கற்கும். இன்னொன்று: அந்த 768 பேரில் 500 பேருக்கு நீரிழிவு இல்லை, ஆகவே எதையும் கற்காமல் எல்லோருக்கும் "நோய் இல்லை" என்று சொல்லும் நிரலுக்கும் 65 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும், நோயுள்ள 268 பேரில் ஒருவரைக்கூட அது கண்டுபிடிக்காது. எனவே விற்பனையாளரிடம், நோயுள்ளவர்களில் எத்தனை பேரைத் தவறவிட்டது என்று முதலில் கேளுங்கள். பைத்தானைப் பிறகு கற்கலாம். ஐஐடிகள் இணையத்தில் இலவசமாக வழங்கும் என்பிடெல் பாடங்களே போதும்.

விழித்திரை:
கண் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைக் கண்டறிய கூகுள் குழு உருவாக்கிய நிரல், 2016இல் வெளியான ஆய்வின்படி 1,28,175 படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. மதுரை அரவிந்த் மருத்துவமனையும் அதற்குப் படங்கள் அளித்தது. ஆய்வில் மிகச் சிறப்பாக இயங்கிய அது தாய்லாந்தின் சிகிச்சை நிலையங்களுக்குச் சென்றபோது, 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவில்லை என்று திருப்பிவிட்டது. அறையைப் போதிய அளவு இருட்டாக்க முடியாததும் ஒரு காரணம். எங்கள் பிரிவிலும் சன்னல் திரையைச் சரியாக இழுத்துவிடாத நாள்களில் ஒரே நோயாளிக்கு மூன்று முறை படமெடுக்க நேர்கிறது. கருவி எந்த அறையில், யார் கையில், எத்தகைய கூட்டத்துக்கு நடுவே சோதிக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள்.

கணக்கர்:
பில்லிங் பிரிவில் இருப்பவர் என்பதால் இதையும் சொல்கிறேன். கூடுதல் கவனிப்புத் தேவைப்படும் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு நிரலை ஒபர்மேயர் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஆராய்ந்து 2019இல் எழுதினார்கள். அந்நிரல் கணித்தது நோயின் கடுமையை அன்று, வருங்கால மருத்துவச் செலவை. கறுப்பின மக்களுக்குச் சிகிச்சை எட்டுவதே குறைவு என்பதால் அவர்கள் பெயரில் பதிவாகும் செலவும் குறைவு. எனவே நிரலிடம் அதே மதிப்பெண் பெற்ற வெள்ளையரைவிட அவர்கள் அதிக நோயுற்றிருந்தும் பின்தள்ளப்பட்டார்கள். நம் பில்லும் அப்படித்தான்: பணமில்லாமல் பாதியில் வீடு திரும்பியவரின் பில் சிறியது, அவருடைய நோய் சிறியதன்று. இதைக் கண்டுபிடிக்க நிரலறிவைவிட, பில் எப்படி உருவாகிறது என்ற அறிவே முதலில் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. பீமா தொகுப்பை இன்றிரவே இறக்கிக்கொள்கிறேன். எண்சுவடி ஐயா, அந்தப் பூச்சியங்களை நீக்கிவிடுவதா, சராசரியால் நிரப்புவதா?

எண்சுவடி:
இன்சுலினில் நீக்கினால் கிட்டத்தட்டப் பாதித் தொகுப்பு போய்விடும். முதலில் அவற்றை வெற்றிடமாக மாற்றுங்கள். பிறகு இரு வழியிலும் செய்து, விடை எவ்வளவு மாறுகிறது என்பதை இங்கே எழுதுங்கள்.