நாட்டடவு மூன்றாம் காலத்தில் பகிரும் காணொளி விட்டுவிட்டு ஓடுகிறது – 14 பேர் வகுப்பு, உதவி தேவை

சலங்கை_பிறை

வணக்கம். மலேசியாவில், பினாங்கு பிறையில் வீட்டு முன்கூடத்திலேயே பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இயங்கலைக்கு மாறினோம். ஆணை முடிந்தபின் எல்லாம் வீட்டுக்கே திரும்பிவிட்டது, சனிக்கிழமை இரவு வகுப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. சுங்கை பாக்காப், நிபோங் திபால் பிள்ளைகளுக்கு இரவில் வந்துபோவது சிரமம். இரண்டு பேர் கோலாலம்பூருக்குப் படிக்கப் போய்விட்டார்கள். சென்னையில் இருக்கும் என் குருவும் அன்றுதான் சேர்ந்துகொள்வார். இங்கே எட்டு மணி, அவருக்கு மாலை ஐந்தரை. என்னையும் சேர்த்து 14 பேர். ஸூம்தான் பயன்படுத்துகிறோம்.

அடவுகளை, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவுகளை, படம்பிடித்து வைத்திருக்கிறேன். அதைத் திரையில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுப்பேன். என் திரையில் சீராக ஓடுகிறது. பிள்ளைகளுக்கோ கால் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுகிறதாம். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், சமாளித்துவிடுகிறார்கள். வேகமான மூன்றாம் காலம் வந்தால் எந்தக் கால் எப்போது தட்டியது என்றே தெரியவில்லை என்கிறார்கள். தாளம் போடும் தட்டுக்கழி சத்தமும் போவதில்லை. என் பேச்சு கேட்கிறது, தாளம் மறைந்துவிடுகிறது. இன்னொன்று: குரு ஏதாவது காட்டத் திரையைப் பகிர்ந்தால் என்னுடையது நின்றுவிடுகிறது.

இணைய வேகத்தைச் சோதித்தேன், 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. மடிக்கணினி விண்டோஸ், வைஃபையில் இருக்கிறது. ரௌட்டர் மாடியில். தவறு என் பக்கம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், எங்கே என்றுதான் பிடிபடவில்லை. அடுத்த மாதம் இரண்டு பிள்ளைகளுக்குத் தேர்வு.

கிள்ளான்_வாசகன்

இணையத் திட்டத்தை 300க்கு ஏற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதன்பிறகு பிரச்சினையே இல்லை.

பாயான்_லெப்பாஸ்

அக்கா, பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நான் இங்கே ஒரு தொழிற்சாலையில் கூட்ட அறைகளைப் பார்த்துக்கொள்கிறேன், இதே புகார் வாரம் ஒருமுறை வரும். முதலில் ஒரு கேள்வி: எல்லாப் பிள்ளைகளுக்கும் தாவுகிறதா, சிலருக்கு மட்டுமா?

ஏன் கேட்கிறேன் என்றால், உங்கள் கணினி 13 பேருக்கும் தனித்தனியாகப் படம் அனுப்புவதில்லை. ஒரே ஒருமுறை நடுவில் இருக்கும் சேவையகத்துக்கு அனுப்புகிறது, அங்கிருந்துதான் பிரிந்து போகிறது. ஒரு பிள்ளையின் கைப்பேசி இணைப்பு மோசமென்றால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தரம் குறையும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கெடுகிறது என்றால் கோளாறு உங்கள் கணினிக்கும் அந்தச் சேவையகத்துக்கும் இடையில். அந்த 100 என்பது பதிவிறக்கம். பகிரும்போது வேண்டியது பதிவேற்றம். அதை எழுதுங்கள்.

சலங்கை_பிறை

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்டுவிட்டேன் தம்பி. எல்லாருக்கும் தாவுகிறது. கோலாலம்பூர் பிள்ளைகளுக்கும் அதேதான், குருவுக்கும் அதேதான். பதிவேற்றம் 48 காட்டுகிறது.

பாயான்_லெப்பாஸ்

அப்படியானால் வேகம் குறையில்லை. 48 இருந்தால் தாராளம்.

காணொளிக் கூட்டத்தில் உங்கள் முகம் ஒரு ஓடையாகவும் நீங்கள் பகிரும் திரை இன்னொரு ஓடையாகவும் போகின்றன. இரண்டையும் மென்பொருள் ஒரே மாதிரி நடத்தாது. முகம் அசைய வேண்டும், கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. பகிர்ந்த திரை என்றால் கணக்கு அட்டவணையோ எழுத்தோ இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும். எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும், அசைவு முக்கியமில்லை. அதனால் முழுக் கூர்மையோடு நொடிக்கு ஐந்தாறு ஃபிரேம் (தனித்தனிப் படம்) மட்டும் அனுப்பினாலும் அலுவலகத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

உங்கள் வகுப்பில் கவனிப்பார்கள். நொடிக்கு ஒரு தட்டு என்று முதல் காலத்தைத் தொடங்கினால், மூன்றாம் காலத்தில் நொடிக்கு நான்கு. ஐந்து ஃபிரேமில் நான்கு தட்டு! கால் எழும்புவது ஒரு படத்திலும் விழுவது இன்னொரு படத்திலும் வரவேண்டும், அதற்கு இடமே இல்லை. பிள்ளைகள் சொன்னது முழுக்கச் சரி.

செய்ய வேண்டியது: ஷேர் ஸ்கிரீன் சாளரத்தின் கீழே ‘ஷேர் சவுண்ட்’, ‘ஆப்டிமைஸ் ஃபார் வீடியோ கிளிப்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டையும் டிக் செய்யுங்கள். அப்புறம் காணொளியை முழுத்திரையில் ஓட்டுங்கள். கூர்மை கொஞ்சம் குறையும், அசைவு சீராகும். பாடல் வரியோ குறிப்போ காட்டும்போது இரண்டாவது டிக்கை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எழுத்து மங்கலாகும்.

ஷேர் சாளரத்தின் ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் ‘வீடியோ’ என்றும் ஒன்று உண்டு. கணினியில் இருக்கும் கோப்பை நேரே அங்கிருந்து ஓட்டலாம். கோப்பு உங்களிடமே இருப்பதால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

செட்டிங்ஸில் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ திறந்து ‘ஸ்கிரீன் ஷேரிங்’ பாருங்கள். அனுப்பும் வரிசையில் ஃபிரேம் எண்ணிக்கை, பாக்கெட் இழப்பு (வழியில் தொலைந்துபோகும் தரவு) இரண்டும் வரும். பகிர்ந்துகொண்டே பார்த்து எழுதுங்கள்.

செந்தூல்_மிருதங்கம்

தாளம் மறைவது பற்றி நான் சொல்கிறேன் டீச்சர், எனக்கும் மிருதங்க வகுப்பில் ஒரு வருடம் இதே வேதனை. இப்போது காணொளிச் சத்தம் உங்கள் ஸ்பீக்கரில் வந்து, மைக்கில் நுழைந்து போகிறது. மைக்கின் சத்தத்தில் மனிதக் குரலை வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று வடிகட்டுவது இந்த மென்பொருள்களின் வேலை. மின்விசிறிக்கும் நாய்க்கும் செய்வதையே தட்டுக்கழிக்கும் செய்கிறது. மரத்தில் மரம் படும் ‘டக்’ சத்தம் அதற்கு இரைச்சல்தான்.

ஷேர் சவுண்ட் டிக் செய்தால் காணொளியின் சத்தம் மைக் வழியாகப் போகாமல் கணினியிலிருந்து நேரே போகும், அதை வடிகட்டாது. நீங்களே கையில் கழி எடுத்துத் தட்டும்போது மட்டும் ‘ஒரிஜினல் சவுண்ட்’ போட்டுக்கொள்ளுங்கள். அப்போது ஹெட்ஃபோன் அவசியம், எதிரொலி வரும்.

காணொளி ஓடும்போது மேலே நீங்கள் ‘தெய்யும் தத்த தெய்யும் தா’ என்று சொல்லிக்கொண்டே போகாதீர்கள். உங்கள் குரலும் காணொளியும் வேறுவேறு வழியில் போகின்றன, பிள்ளையிடம் சேரும்போது கொஞ்சம் விலகி நிற்கும். உங்களுக்குச் சரியாக இருக்கும், பிள்ளை தாளம் தப்பும். இந்தத் தாளச் சொற்களை, சொல்லுக்கட்டையும், படம் பிடிக்கும்போதே சேர்த்துவிடுங்கள். எனக்கு இது புரியாமல் நல்ல பையன் ஒருவனை வீணாகக் கோபித்துக்கொண்டேன்.

சலங்கை_பிறை

நேற்று இரவு குருவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துப் பார்த்தோம். டிக் செய்வதற்கு முன் 1920க்கு 1080, நொடிக்கு 6 ஃபிரேம். டிக் செய்தபின் 1280க்கு 720, 24 அல்லது 25. சத்தம் தெளிவாகப் போகிறது. ஆனால் இடையிடையே படம் உறைகிறது. பாக்கெட் இழப்பு 3 முதல் 5 சதவீதம் காட்டுகிறது.

அண்ணா, சொல்லுக்கட்டு பற்றிச் சொன்னதற்கு மிக்க நன்றி. நானும் அதே தவறைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பாயான்_லெப்பாஸ்

மாடி ரௌட்டர்தான் அக்கா. கான்கிரீட் தளத்தைத் தாண்டி வரும்போது வைஃபை நலிந்துவிடும். நீளமான லேன் கேபிள் ஒன்று வாங்கி மாடிப்படி ஓரமாக இறக்கிவிடுங்கள். புதிய இணையத் திட்டத்தைவிட எவ்வளவோ மலிவு.

குரு பகிர்ந்தால் உங்களுடையது நிற்பது கோளாறு இல்லை. இது கூட்ட அறைகளில் இருந்த பழைய காணொளிக் கருவிகளின் காலத்திலிருந்தே வரும் பழக்கம். 2003இல் ஐடியு (பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) வெளியிட்ட எச்.239 தரத்தில்தான் ஆள் படத்தையும் பகிரும் படத்தையும் இரண்டு தடமாக அனுப்ப எல்லாக் கருவிக்கும் பொதுவான வழி வந்தது. பகிரும் தடம் ஒன்றுதான், அதற்கு ஒரு டோக்கன். டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர் படம்தான் எல்லாருக்கும் போகும். ஸூமில் ஷேர் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியில், ஒருவர் பகிரும்போது இன்னொருவர் தொடங்கலாமா என்று நீங்கள் முடிவு செய்யலாம். பலர் ஒரே நேரத்தில் பகிரவும் அங்கே அனுமதி உண்டு. பிள்ளைகள் கைப்பேசியில் இருப்பதால் அதை நான் சொல்ல மாட்டேன், சின்னத் திரையில் எதைப் பார்ப்பது என்று குழம்பிவிடுவார்கள்.

குரு என்ன காட்டுகிறார்?

சலங்கை_பிறை

பெரும்பாலும் தன் கையையும் பாதத்தையும்தான். கேமராவில் சரியாகத் தெரியவில்லை என்று தன் கைப்பேசிப் படத்தைக் கணினியில் திறந்து அதைப் பகிர்வார்.

பாயான்_லெப்பாஸ்

அப்படியானால் அவர் பகிரவே வேண்டாம். கைப்பேசியையே இன்னொரு ஆளாகக் கூட்டத்தில் சேர்த்து, மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்து, பாதம் தெரியும்படி கீழே வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்தப் படத்தை ‘ஸ்பாட்லைட்’ செய்துவிட்டால் எல்லாருக்கும் பெரிதாக வரும். அது கேமரா ஓடை என்பதால் அசைவும் நன்றாக இருக்கும். உங்கள் பகிர்வைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு அவரைக் காட்டுங்கள், பிறகு திரும்பத் தொடங்குங்கள்.

கிள்ளான்_வாசகன்

நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் திட்டம் மாற்றியபோது ரௌட்டரையும் கூடத்துக்கு இறக்கினார்கள். சரியானது அதனால்தான் போலிருக்கிறது.

சலங்கை_பிறை

மன்னிப்பெல்லாம் எதற்கு அண்ணா, உதவத்தானே எழுதினீர்கள்.

நேற்று சனிக்கிழமை வகுப்பு முடிந்தது. 20 மீட்டர் கேபிள் போட்டோம், பாக்கெட் இழப்பு பூஜ்யம். அடவுக் கோப்பை அட்வான்ஸ்ட் வழியாக ஓட்டினேன். குருவின் பாதம் கைப்பேசி வழியாக வந்தது. குதிகால் எப்போது இறங்குகிறது என்று ஐந்து வருடத்தில் முதல்முறையாகப் பிள்ளைகள் பார்த்தார்கள். நிபோங் திபால் பிள்ளை ஒருத்திக்கு மட்டும் இன்னும் மங்கலாக வருகிறது, அது அவள் பக்கத்து இணைப்பு என்று இப்போது எனக்கே தெரிகிறது. அவளுக்குக் கோப்புகளைப் புலனத்தில் டாக்குமெண்டாக அனுப்பிவிட்டேன், வகுப்புக்கு முன்பே பார்த்துவிட்டு வருவாள்.