32 பிட் பிளக்இன்னில் செய்த கானா பாட்டுகள் புது மேக்கில் திறக்குமா?

காசிமேடு ரெக்கார்டிங்:
அண்ணன்மாருக்கு வணக்கம். காசிமேட்டில் மாடி ரூம் ஒன்றில் பத்து வருஷத்துக்கு மேலாகக் கானா ரெக்கார்டிங் செய்கிறேன். 2012 மேக் மினி, அதில் மொஜாவி ஓஎஸ், ரெக்கார்டிங்குக்கு ரீப்பர் சாஃப்ட்வேர், மைக்கை இணைக்க ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ். கடல் காற்றில் யுஎஸ்பி ஓட்டையெல்லாம் துருப்பிடித்துவிட்டது, ஃபேன் இரைச்சல் மைக்கில் விழுகிறது. எம்4 மினி வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன்.

ஆனால் பழைய பாட்டுகளில் ஆர்மோனியம், எக்கோ எல்லாமே 32 பிட் பிளக்இன், அதாவது ரீப்பருக்குள் ஓடும் பழைய வகைக் குட்டி சாஃப்ட்வேர். போன வருஷம் தவறிப்போன ஒரு கானா அண்ணன் 2015இல் பாடியதும் அதில் இருக்கிறது. "வருஷ காரியத்துக்குப் போடணும், சட்டி சத்தத்தைக் குறைச்சு அப்பா குரலை முன்னாடி கொண்டு வாங்க" என்று அவர் பொண்ணு கேட்டிருக்கிறாள். கையில் உள்ள எம்பி3யில் அதைச் செய்ய முடியாது, பிராஜெக்ட் திறந்தாக வேண்டும். புது மெஷினில் மொஜாவி ஏற்றலாமா?

பெரம்பூர் மிக்ஸிங்:
ஏறாது தம்பி. ஆப்பிள் சிப் மேக்கில் பிக் சர் ஓஎஸ்ஸுக்கு முந்தைய எதுவும் ஓடாது. 32 பிட்டை 2019இல், மொஜாவிக்கு அடுத்த கேட்டலினாவிலேயே எடுத்துவிட்டார்கள். பழைய சாஃப்ட்வேரைப் புது சிப்பில் ஓட்டும் ரொசெட்டாவை நம்பாதே, அது இன்டெல்லுக்கு எழுதிய 64 பிட்டை மட்டும்தான் ஓட்டும்.

ரீப்பர் பிராஜெக்ட் திறக்கும். குரல், டோலக், டெம்போ எல்லாம் வந்துவிடும். ஆர்மோனியம் மிடியில் (ஒலி இல்லாமல் வெறும் நோட்டுகளாக) வாசித்திருந்தால், பிளக்இன் இல்லாமல் அந்த டிராக் ஊமை. அதனால் பழைய மினி உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவ் ஃபைலாக ரெண்டர் செய்துவிடு. ரெண்டரில் ஸ்டெம்ஸ் (டிராக் தனித்தனியாக) போட்டு, எல்லையை முழு பிராஜெக்டாக வை, அப்போதுதான் எல்லா ஃபைலும் ஒரே புள்ளியில் தொடங்கும். டெய்ல் (முடிவில் கூடுதல் செகண்டுகள்) வைக்க மறந்தால் கடைசி எக்கோ வெட்டுப்படும். எஃபெக்ட் ஏறாத அசல் குரல் ஃபைலையும் சேர்த்து எடுத்து வை, அதுதான் சொத்து.

வண்ணாரப்பேட்டை கீபோர்ட்:
எந்தப் பாட்டில் எந்தப் பிளக்இன் என்று பார்க்க ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம் ப்ரோ. ரீப்பரின் ஆர்பிபி (பிராஜெக்ட்) ஃபைல் வெறும் டெக்ஸ்ட்தான், டெக்ஸ்ட்எடிட்டில் திறந்தாலே பிளக்இன் பெயர்கள் தெரியும். அப்புறம், மேக்கின் டாஹோ ஓஎஸ்ஸில் ஃபயர்வயரே கிடையாது. தனி டிரைவர் கேட்காத யுஎஸ்பி இன்டர்ஃபேஸாகப் பார்த்து வாங்குங்கள்.

காசிமேடு ரெக்கார்டிங்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அண்ணன் பாட்டைத்தான் முதலில் எடுத்தேன். பதினாலு டிராக், டெய்ல் நாலு செகண்ட். ஆர்மோனியம் அப்படியே வந்துவிட்டது.

குரல் டிராக்கை மட்டும் ஹெட்போனில் தனியாகக் கேட்டேன். பாட்டுக்கு முன்னால் தொண்டையைச் செருமிவிட்டு, "ஃபேனை நிறுத்துப்பா, சத்தம் வருது" என்கிறார். அப்புறம் சுவிட்ச் தட்டும் சத்தம். தட்டியது நான்தான். எம்பி3யில் அந்த இடம் வெட்டுப்பட்டிருக்கிறது. அவர் பொண்ணுக்கு அதை வெட்டாமல் தனி ஃபைலாகக் கொடுக்கப் போகிறேன்.

இன்னும் முப்பத்தேழு பாட்டு இருக்கிறது. தெரியாமல்கூட அப்டேட் ஆகிவிடக் கூடாது என்று பழைய மினியில் நெட்டைப் பிடுங்கிவிட்டேன்.