கூலன்டுக்கு ஒரு சொல்: திங்களுக்குள் வேண்டும்

திருச்சி ஆசிரியர்:
அன்பர்களே, தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். திங்களன்று ஜெராக்ஸ் எடுத்தாக வேண்டும். போன முறை கூலன்டுக்குக் 'குளிரூட்டி' என்று போட்டேன். ஒரு பையன் ஏ.சி. கேஸைச் சோதிக்கப் போய்விட்டான். வாக்கியம் இதுதான்: "எஞ்சின் நன்றாக ஆறியபின், டப்பாவில் ____ இரண்டு கோடுகளுக்கும் நடுவே நிற்கிறதா என்று பார். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே."

நெல்லைப் புலவர்:
தண்மி. தண்பொருநை என்னும் தாமிரபரணிக் கரைக்காரன் வேறென்ன சொல்வேன்? தண்ணீரே தண் + நீர்தானே. அதைக் காய்ச்சிவிட்டு 'சுடுதண்ணீர்' என்கிறார்கள்! வெந்நீர் என்று திருத்தித் திருத்தியே வீட்டில் திட்டு வாங்குகிறேன்.

சென்னை வேதியியலார்:
சுடுதண்ணீரைப் பொறுக்காத ஐயா, ஓடும் வண்டியில் 90 பாகைச் சூட்டில் சுற்றுகிற திரவத்துக்குத் தண்மி என்று பெயர் வைக்கலாமா? எஞ்சினில் வெப்பத்தை வாங்கி ரேடியேட்டரில் விடுவதுதான் அதன் வேலை. 'தணிநீர்' என்றால் பொருந்தும்.

கோவைப் பட்டறைக்காரர்:
நீர் என்று முடிக்காதீர்கள், சாமி. பையன் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவான். உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். கலப்பதென்றால் டிஸ்டில்டு வாட்டர்தான். இங்கே பலர் 'கூலன்ட் ஆயில்' என்கிறார்கள், அது இன்னும் மோசம். அதில் உண்மையிலேயே ஆயில் மிதந்தால் எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். பேசாமல் கூலன்ட் என்றே போடுங்கள்.

டொராண்டோவிலிருந்து:
எங்களுக்கு 'உறைதடுப்பி' போதும். கிளைக்கால் (glycol) என்ற வேதித் திரவமும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 பாகை வரை உறையாது.

சென்னை வேதியியலார்:
மதுரையில் எது உறையப் போகிறது? இங்கே அது கொதிநிலையை ஏற்றவும் துருவைத் தடுக்கவும்தான்.

திருச்சி ஆசிரியர்:
சரி, 'குளிர்வி' என்று வைத்துக்கொள்ளலாமா?

நெல்லைப் புலவர்:
குளிர் தன்வினை, குளிர்வி பிறவினை. தனியே நின்றால் ஏவல். 'டப்பாவில் குளிர்வி' என்றால் பையன் டப்பாவின் மேல் தண்ணீர் தெளிப்பான். பெயராக வேண்டுமானால் குளிர்விப்பி என்றாக்குங்கள். தொல்காப்பியரே 'கடிசொல் இல்லை', அதாவது விலக்க வேண்டிய சொல் என்று ஒன்றில்லை, என்றார். புதுச்சொல்லுக்கு அஞ்ச வேண்டாம்.

கோவைப் பட்டறைக்காரர்:
அந்த வரி கூலன்டுக்கும் பொருந்துமே, ஐயா?

நெல்லைப் புலவர்:
வடசொல்லுக்கே வடவெழுத்தை ஒரீஇ, அதாவது விட்டுவிட்டு, வரச் சொன்னவர் அவர். டகர மெய்யில் முடியும் சொல்லை எப்படி ஏற்பார்? கூலண்டு என்று உகரம் சேர்த்து வாருங்கள், பேசலாம்.

திருச்சி ஆசிரியர்:
ஞாயிறு இரவு பதினொன்றாகிவிட்டது. மூன்று பேர் குளிர்விப்பிக்குச் சரி என்றிருக்கிறீர்கள், மற்றவர்கள் தூங்கப் போய்விட்டீர்கள். முதல் இடத்தில் மட்டும் 'குளிர்விப்பி, அதாவது கூலன்ட்' என்று போடுகிறேன். டப்பா டப்பாவாகவே இருக்கட்டும்.

நெல்லைப் புலவர்:
டப்பாவா? அதற்கு 'தேக்கி' என்று நான் காலையிலேயே எழுத நினைத்தேன். தண்மியையும் நான் கைவிடவில்லை.