எக்-மோர்த் போனால் கான்ஸ்தான்ஸ் கோபுரத்தில் ஏறாமல் வராதீர்கள்

தென் பிரான்ஸ் என்றால் நீஸ், மார்செய் என்றுதான் எல்லாரும் போகிறார்கள். நான் சொல்ல வந்தது எக்-மோர்த். நீம் நகரத்திலிருந்து ரயிலிலேயே போய்விடலாம், 40 கிலோமீட்டர் இருக்கும். சதுப்பு நிலத்துக்கு நடுவே நாலு பக்கமும் கோட்டை மதில், அதற்குள் பழைய ஊர். மத்தியதரைக் கடலில் தனக்கென ஒரு துறைமுகம் வேண்டும் என்று ஒன்பதாம் லூயி மன்னர் 1240களில் உருவாக்கியது, 1248இலும் 1270இலும் சிலுவைப் போருக்கு அவர் கிளம்பியது இங்கிருந்துதான், இரண்டாம் முறை துனிஸிலேயே நோய் கண்டு இறந்துபோனார். அப்புறம் வண்டல் சேர்ந்து துறைமுகம் தூர்ந்துவிட்டது.

பலரும் மதில் மேல் நடந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து கோபுரத்தின் மேல் அறைக்குப் போங்கள். புராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டு உரிமையைப் பதினான்காம் லூயி 1685இல் பறித்த பிறகு அது சிறையானது. மரி டுரான் என்ற பெண்ணை 1730இல் அங்கே அடைத்தார்கள், வயது 19தான், அண்ணன் ரகசியமாகப் போதனை செய்து வந்தவர் என்பதே காரணம். அந்த அண்ணனை 1732இல் மொன்பெலியேவில் தூக்கிலிட்டார்கள். மதத்தை விடுகிறேன் என்று சொன்னால் விடுதலை, ஆனால் மரி சொல்லவே இல்லை. 38 வருடம் கழித்து 1768இல்தான் வெளியே வந்தார்.

தரை நடுவில் இருக்கும் வட்டத் துவாரத்தின் கல்விளிம்பில் 'எதிர்த்து நில்' என்ற பொருளில் ஒரு சொல் கீறப்பட்டிருக்கிறது, அவர் கீறியது என்றே சொல்கிறார்கள். சேவென் மலைப்பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, பேரனை உட்காரவைத்து அதை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னார். பேச்சுக் கொடுத்தேன். தங்கள் குடும்பமும் அந்த மதம்தான், பைபிளை ஒளித்துவைத்து வாழ்ந்த முன்னோர்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஊருக்கு வெளியே உப்பளங்கள், ஒருவகைப் பாசியால் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும், அழகுதான். ஆனால் 1893 ஆகஸ்டில் அங்கே உப்பு வார வந்த இத்தாலியத் தொழிலாளர்களைக் கும்பல் அடித்தே கொன்றது, அரசுக் கணக்கிலேயே 8 பேர். வழக்கில் அத்தனை பேரும் விடுதலை! அதையும் தெரிந்துகொண்டு போய்ப் பாருங்கள்.

கோபுரத்துக்கும் மதிலுக்கும் ஒரே டிக்கெட்தான். மேலே நிழல் கிடையாது, வெயில் ஏறுவதற்குள் மதிலை முடித்துவிடுங்கள்.