பேவர் போடும் காபட்டில் அலை விழுகிறது, திருகத் திருகக் கூடுகிறது: உதவி வேண்டும்

படுவான்கரையான்

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் ஒரு கிராமிய வீதிக்குப் பேவர் மெசினால் காபட், அதாவது சூடான தார்க் கலவை, போட்டுக்கொண்டிருக்கிறோம். நான் ஒன்றரை வருடம் ரேக் பிடித்து, விரித்த கலவையைத் திருத்தியவன். பேவருக்குப் பின்னால் கலவையை மட்டமாக்கிப் போகும் ஸ்கிரீட்டைப் பார்த்துக்கொண்ட எங்கள் ஸ்கிரீட்காரர் கட்டாருக்குப் போய்விட்டார். மூன்று வாரங்களுக்கு முன்பு மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, "பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், இனி நீ நில்" என்றார். அரை நாள் பழக்கினார்கள். என் பயிற்சி அவ்வளவுதான்.

அகலம் மூன்றரை மீட்டர், இறுகிய பின் கனம் 50 மில்லிமீட்டர் வர வேண்டும். இரண்டு விதமான பிழை வருகிறது. ஒவ்வொரு டிப்பர் மாறும் இடத்திலும் குறுக்கே ஒரு மேடு. அது போக, நீளவாக்கில் மெதுவான அலை. மோட்டார் சைக்கிளில் போனால் வயிற்றில் தெரிகிறது. நான் இரண்டு மீட்டருக்கு ஒருமுறை கம்பியைக் குத்திக் கனம் பார்க்கிறேன். குறைந்தால் ஸ்கிரீட்டின் சாய்வை மாற்றும் திருகைக் கூட்டுகிறேன், கூடினால் குறைக்கிறேன். எவ்வளவு கவனமாகத் திருகினாலும் அலை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. நேற்று ஆலோசனைப் பொறியியலாளர் மூன்று மீட்டர் நேர்கோலை வைத்தார். அடியில் 11 மில்லிமீட்டர் இடைவெளி. எல்லோர் முன்னிலையிலும் தலை குனிந்து நின்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வியாழக்கிழமை ரோலர் பின்னால் வந்தபோது, ஓரத்தில் ரேக் பிடித்துக்கொண்டிருந்த என் கூட்டாளி கடைசி நொடியில் பாய்ந்து தப்பினான். பாய்ந்தவன் சூடான கலவையில் கையை ஊன்றிவிட்டான். முழங்கை வரை கொப்புளம். அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. இந்த மெசின்களை முறையாக எங்கே படிக்கலாம் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

கல்முனை ஒப்பரேட்டர்

தம்பி, பதில் சொல்ல முன் நான்கு கேள்வி. டிப்பர் பேவரில் வந்து முட்டுகிறதா, அல்லது முன்னால் நின்று பேவர் போய்த் தொடுகிறதா? ஒரு டிப்பருக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை நிமிடம் சும்மா நிற்கிறீர்கள்? ஸ்கிரீட்டுக்கு முன்னால் குவியும் கலவை, அதை அகலத்துக்குப் பரப்பும் சுழல்தண்டான ஓகரில் எந்த அளவுக்கு நிற்கிறது? காலையில் ஸ்கிரீட்டைச் சூடேற்றித்தான் தொடங்குகிறீர்களா?

படுவான்கரையான்

நானா, டிப்பர் வந்து முட்டித்தான் நிற்கிறது. முட்டினால் பேவர் முழுவதும் ஆடும். கலவை பட்டிருப்புப் பாலம் கடந்து வர வேண்டும், சில நேரம் கால் மணி, சில நேரம் நாற்பது நிமிடம் நிற்போம். ஓகரைப் பற்றிக் கேட்டீர்கள். டிப்பர் புதிதாகக் கொட்டியவுடன் ஓகர் முழுவதும் மூடிப்போகும், முடியும் நேரம் ஓகரின் தண்டே வெளியில் தெரியும். சூடேற்றுவோம், ஆனால் அவசரமென்றால் பத்து நிமிடத்தில் தொடங்கிவிடுவோம்.

கல்முனை ஒப்பரேட்டர்

உன் வருத்தத்துக்குப் பதில் நீயே எழுதிவிட்டாய் தம்பி. பத்தொன்பது வருடம் இந்த வேலையில் நிற்கிறேன், நான் முதலில் செய்த பிழையும் இதேதான்.

படுவான்கரைப் பிள்ளைக்கு வயலை வைத்தே சொல்கிறேன். சேற்று வயலில் உழவு முடிந்து பலகையடிப்பதைப் பார்த்திருப்பாய். பலகையை யாரும் ஒரு உயரத்தில் பிடித்துக்கொண்டு போவதில்லை. அது சேற்றின் மேல் மிதந்து போகிறது. முன்னால் சேறு கூடக் குவிந்தால் பலகை ஏறும், குறைந்தால் இறங்கும். ஸ்கிரீட்டும் அப்படித்தான். இரண்டு பக்கக் கைகளால் பேவர் அதை இழுக்கிறது, அவ்வளவுதான். கனத்தைத் தீர்மானிப்பவை மூன்று: முன்னால் குவிந்த கலவையின் உயரம், பேவரின் வேகம், ஸ்கிரீட் சாய்ந்திருக்கும் கோணம். நீ திருகுவது மூன்றாவதை மட்டும். மற்ற இரண்டும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்போது திருகைப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன நடக்கும்?

அடுத்தது, திருகினால் உடனே கனம் மாறாது. இழுவைக் கையின் நீளத்துக்குப் போன பிறகு மாற்றத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வரும். முழுவதும் வர அந்த நீளம்போல் ஐந்து மடங்கு போக வேண்டும். உன் பேவரின் கை இரண்டரை மீட்டர் என்றால் பன்னிரண்டு மீட்டருக்கு மேல். நீயோ இரண்டு மீட்டருக்கு ஒருமுறை திருகுகிறாய். முதல் திருகல் வேலை செய்து முடியும் முன் ஐந்து தரம் திருகிவிடுகிறாய். அந்த அலை உன் கையால் வந்தது. பாரமாக எடுக்காதே, யாரும் சொல்லித் தராதது உன் குற்றமில்லை.

இனிச் செய்ய வேண்டியது. ஓகரில் கலவை எப்போதும் தண்டின் மட்டத்துக்கு நிற்கட்டும், அதாவது ஓகர் பாதி மூடியிருக்க வேண்டும். ஊட்டும் பட்டையும் ஓகரும் நின்று நின்று ஓடாமல் ஒரே சீராக ஓட வேண்டும். டிப்பர் கொட்டும் தொட்டியான ஹொப்பரை முழுவதும் காலியாக்காதே, மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே அடுத்த டிப்பர் வரட்டும். காலியான ஹொப்பரின் பக்கச் சிறகை மடக்கினால் ஓரத்தில் ஆறிக் கிடந்த பெருங்கல் எல்லாம் ஒரே இடத்தில் விழும், அங்கே காபட் சீக்கிரம் கழன்றுபோகும்.

வேகத்துக்குக் கணக்குப் போடு. மூன்றரை மீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் கனம் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 0.41 தொன். பத்துத் தொன் டிப்பர் 24 மீட்டர் போகும். டிப்பர் இருபது நிமிடத்துக்கு ஒன்றுதான் வருமென்றால் நிமிடத்துக்கு 1.2 மீட்டரில் மெதுவாகப் போ. வேகமாக ஓடி முடித்துவிட்டு நிற்பதுதான் உனக்கு மேடு தருகிறது. நின்றால் ஸ்கிரீட் அமிழும், முன்னால் உள்ள கலவை ஆறும், மறுபடி புறப்படும்போது ஏறி விழும்.

டிப்பர் சாரதிக்குச் சொல்: பேவருக்கு அரை மீட்டர் முன்னால் நின்று, கியரை நியூட்ரலில் விட்டு, பேவர் வந்து தள்ளும்வரை இருக்கட்டும்.

அம்பாறை ஆய்வுகூடம்

நான் கலவையின் வெப்பமும் இறுக்கமும் அளக்கும் தொழில்நுட்ப உதவியாளர். ஒப்பரேட்டர் அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எல்லாப் பழியையும் ஸ்கிரீட்டில் போட்டுவிடாதீர்கள் தம்பி, குறுக்கு மேடுகளில் பாதி ரோலர் செய்தவையாக இருக்கும்.

அதிரவிட்டபடியே நின்றால் உருளை அந்த இடத்தில் பள்ளம் தோண்டும். திரும்புவதற்கு முன் அதிர்வை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே கோட்டில் நின்று திரும்பினால் அந்தக் கோடு அப்படியே காபட்டில் பதியும், ஆகவே திரும்பும் இடங்களை முன்பின்னாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். உருளுதல் தாழ்ந்த ஓரத்திலிருந்து தொடங்கி உயர்ந்த பக்கத்துக்கு ஏற வேண்டும். சூடான காபட்டின் மேல் ரோலரை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளத்தை எத்தனை தரம் உருட்டினாலும் எடுக்க முடியாது.

உங்கள் கலவை நாற்பது நிமிடம் காத்திருக்கிறது என்றீர்களே, அதுதான் எனக்குப் பயம். டிப்பரைப் படங்கால் மூடித்தான் கொண்டுவருகிறார்களா? 140 பாகைக்கு மேல் வர வேண்டிய கலவை வாவிக் காற்றில் ஆறி வந்தால், ஸ்கிரீட்டின் கீழ் கிழிந்து கிழிந்து வரும். விரித்த பின் 80 பாகைக்குக் கீழே போய்விட்டால் உருட்டுவதில் பயனில்லை, கல்தான் உடையும். ஒரு வெப்பமானி கேட்டு வாங்குங்கள். கையை மேலே பிடித்துச் சூடு சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

உருளையில் கலவை ஒட்டினால் தண்ணீர்த் தெளிப்பைச் சரிசெய்யுங்கள். டீசல் தடவ விடாதீர்கள். டீசல் தாரைக் கரைத்துவிடும், அது சொட்டிய இடம் மழைக்காலத்தில் குழியாகும்.

செங்கலடிச் சாரதி

இவ்வளவு கணக்கெல்லாம் எதற்கு? எங்கள் காலத்தில் யாரும் பயிற்சிக்குப் போகவில்லை, சான்றிதழும் எடுக்கவில்லை. கை பழகினால் எல்லாம் வரும். ஆறு மாதம் பொறுங்கள் தம்பி.

அக்கரைப்பற்றுப் பயிற்றுநர்

சாரதி அண்ணன், கை பழகும்வரை அந்த ஆறு மாதமும் ரோலருக்குப் பின்னால் ரேக் பிடித்து நிற்பது யாரோ ஒருவரின் பிள்ளை. இந்தத் தம்பியின் கூட்டாளி வியாழக்கிழமை தப்பியது பயிற்சியால் இல்லை. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன், மன்னியுங்கள்.

தம்பி, முதலில் கூட்டாளியின் கை. சூடான தாரோ கலவையோ பட்டால் உடனே சாதாரணக் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடமாவது விட வேண்டும். ஒட்டிய தாரை உரிக்கக் கூடாது, உரித்தால் தோலோடு வரும். பற்பசை, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அப்படியே ஆஸ்பத்திரிக்கு. கொப்புளம் முழங்கை வரை என்கிறீர்கள், அவர் இன்னும் வைத்தியரிடம் காட்டவில்லையென்றால் இன்றே கூட்டிப்போங்கள். வேலையிடத்தில் ஒரு பீப்பாய் சுத்தமான தண்ணீர் ரோலருக்கென்று இல்லாமல் தனியாக நிற்க வேண்டும்.

அடுத்து ரோலர். அதில் இருப்பவருக்கு உருளைக்கு அருகில் நிற்கும் ஆள் தெரிவதில்லை. நாளை காலையில் ரோலரை நிறுத்திவைத்து, சாரதியை ஆசனத்தில் இருத்தி, நீங்கள் சுற்றி நடந்து பாருங்கள். எந்த இடத்தில் நீங்கள் மறைகிறீர்கள் என்று அவர் சொல்லச் சொல்ல மண்ணில் கோடு கிழியுங்கள். அந்தக் கோட்டுக்குள் ரோலர் ஓடும்போது எவரும் போவதில்லை. ரேக் பிடிப்பவர் ஓரத்தைத் திருத்த வேண்டுமென்றால் கையை உயர்த்திச் சாரதியின் கண்ணைப் பார்க்க வேண்டும், சாரதி ரோலரை நிறுத்தித் தலையசைத்த பிறகே உள்ளே போக வேண்டும். பின்னோக்கும் ஒலி வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு காலையும் பாருங்கள். பழுதென்றால் ரோலர் புறப்படக் கூடாது.

படுவான்கரை வீதிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் வயல், வீதி வரம்புபோல உயர்ந்து நிற்கும். ஓர மண் தண்ணீர் குடித்து இளகியிருக்கும். ரோலர் ஓரத்துக்குப் போனால் மண் சரிந்து கவிழும். கவிழ்வுக் கூண்டு உள்ள ரோலரில் ஆசனப்பட்டி கட்டாமல் இருப்பது உயிரோடு விளையாடுவது. கவிழும்போது மனிதர் வெளியே பாயத்தான் நினைப்பார், ரோலர் அவர் மேலேயே விழும். பட்டி கட்டியவரைக் கூண்டு காப்பாற்றும்.

பேவர் பக்கம்: டிப்பருக்கும் ஹொப்பருக்கும் இடையில் எக்காரணம் கொண்டும் நடக்கக் கூடாது. டிப்பரைப் பின்னெடுக்க ஒரே ஒரு ஆள்தான் சைகை காட்ட வேண்டும். கிராமத்து வீதிகளில் மின்கம்பி தாழ்வாகத் தொங்கும், பெட்டியைத் தூக்க முன் மேலே பார்ப்பது அவருடைய பொறுப்பு. எரிவாயுவில் ஸ்கிரீட் சூடேற்றுகிறீர்கள் என்றால் குழாய் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு.

படிப்பைப் பற்றி. அநுராதபுரம் கல்குளமவில் நிர்மாண இயந்திரங்களுக்கென்றே ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. உங்களைப்போல் வேலை தெரிந்தவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. என்விகியூ என்று நாம் சொல்லும் தேசியத் தொழிற்தகைமையை முன்அனுபவத்தை மதிப்பிட்டும் தருகிறார்கள். வகுப்பு முழுவதும் இருக்கத் தேவையில்லை, செய்த வேலைக்கு ஆதாரங்களைக் கோவையாக்கிக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும். எந்தெந்த இயந்திரத்துக்கு, எந்த மட்டத்துக்கு என்பதை மட்டக்களப்பில் உள்ள தொழிற்பயிற்சி அதிகார சபை அலுவலகத்தில் கேளுங்கள். இன்றிலிருந்து ஒரு கொப்பியில் திகதி, வீதி, மெசின், எத்தனை மணித்தியாலம் என்று எழுதி மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள்.

செங்கலடிச் சாரதி

பயிற்றுநர் சொன்னதை இரண்டு தரம் வாசித்தேன். எங்களோடு நின்ற ஒருவருக்கு 2 விரல் போனது டிப்பருக்கும் ஹொப்பருக்கும் இடையில்தான். நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

படுவான்கரையான்

ஒன்பது நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

முதல் நாள் திருகைத் தொடக் கூடாது என்று போனேன், பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. இரண்டாம் நாள் இரண்டு திருகுகளிலும் சிவப்புத் துணி கட்டிவைத்தேன். கை போனால் துணி தட்டுப்படும். ஐந்து இடத்தில் கம்பி குத்தி, சராசரி பார்த்து, வேண்டுமென்றால் மட்டும் கால் சுற்று. அதன் பிறகு பதினைந்து மீட்டருக்குத் தொடுவதில்லை. என் கண் இப்போது ஓகர் தண்டில்தான். நேற்று நேர்கோலின் அடியில் 4 மில்லிமீட்டர்தான்.

டிப்பர் சாரதிகள் முதலில் கோபித்தார்கள். வீதியில் சுண்ணாம்பால் கோடு போட்டு அங்கே நிற்கச் சொன்னோம். இப்போது பழகிவிட்டார்கள். ரோலர் அண்ணன் ஆசனத்தில் இருந்து, நான் சுற்றி நடந்தபோது, உருளைக்கு முன் நான்கு எட்டுத் தூரம் வரை நான் தெரியவே இல்லை என்றார். இறங்கி வந்து அந்தக் கோட்டை அவரும் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை கூட்டாளியின் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். கை ஆறிவருகிறது, களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறார்கள்.

கொப்பியில் எட்டு நாள் கையொப்பம் சேர்ந்துவிட்டது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் நானா. திங்கட்கிழமை, ஏற்கனவே இறுகிய காபட்டின் முடிவிலிருந்து தொடங்க வேண்டும். தொடக்கத்தில் எப்போதும் பள்ளம் விழுகிறது.

கல்முனை ஒப்பரேட்டர்

ஸ்கிரீட்டை வெறும் காபட்டின் மேல் இறக்கினால் பள்ளம் விழத்தான் செய்யும். 50 மில்லிமீட்டர் இறுகிவர, விரிக்கும்போது 60க்குச் சற்று மேல் இருக்க வேண்டும். ஆகவே பழைய காபட்டின் மேல் 12 மில்லிமீட்டர் கனமான தட்டைப் பலகைகளை வைத்து, அவற்றின் மேல் ஸ்கிரீட்டை இறக்கு. இரண்டு பக்கத்துக்கும் நடுவுக்குமாக மூன்று பலகை போதும். இறக்கிய பிறகு இழுவைக் கையின் சாய்வைச் சரிபார்த்துவிட்டு, ஓகர் பாதி நிறையும்வரை நின்று புறப்படு. ஸ்கிரீட்டை அரை மணிநேரம் முன்பே சூடேற்றத் தொடங்கு, அவசரப்படுத்தினால் என் பெயரைச் சொல். பழைய காபட்டும் புதியதும் சேரும் மூட்டு ஆறுவதற்குள் ரேக்காரர் மிச்சக் கல்லைக் கூட்டி எடுக்கட்டும், காபட்டின் மேல் வீசக் கூடாது. திங்கள் மாலை நேர்கோல் எவ்வளவு காட்டியது என்று எழுது தம்பி.