‘மேட் இன் ஜப்பான்’ இன்றும் நிற்கிறது. உங்களுக்கு எந்த ஆல்பம்?

சாட்ஸ்வொர்த்காரன்:

எழுபதுகளின் ஹார்ட் ராக் ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டு வருகிறேன். அன்றைக்கு உயிராக இருந்த ஆல்பங்களில் எது இன்னும் நிற்கிறது, எது நிற்கவில்லை? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

எனக்கு முதலிடம் பிரிட்டிஷ் ராக் குழு டீப் பர்ப்பிளின் ‘மேட் இன் ஜப்பான்’, இரட்டை எல்.பி. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மேடையிலேயே பதிவு செய்தது. டர்பனில் வளர்ந்த எங்களுக்குக் கச்சேரி என்றாலே அந்த ரெக்கார்டுதான். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் வாசிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தடை போட்டிருந்த காலம் அது. அந்தத் தடை நியாயமானது என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். டிவியும் இந்த நாட்டுக்கு 1976 ஜனவரியில்தான் வந்தது. குழுவின் கிடார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் கிடாரை எப்படிப் பிடித்து வாசிப்பார் என்று தெரிந்துகொள்ள அட்டைப்படத்தை விட்டால் வேறு வழியில்லை. புதுப் பாட்டு கேட்க எல்.எம். ரேடியோ இருந்தது. மொசாம்பிக்கின் லொரென்சோ மார்க்கிஸிலிருந்து (இன்றைய மபுட்டோ), கரகரப்போடு, இரவில் கொஞ்சம் தெளிவாக வரும். 1975-ல் அதையும் மூடிவிட்டார்கள்.

‘சைல்ட் இன் டைம்’ பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, ஒரு நிமிடம்கூட அதிகமாகத் தோன்றவில்லை. இயன் கில்லன் குரல் மேலே ஏறும் முன்பு ஜான் லார்டின் ஆர்கன் அடங்கி நிற்கிறதே, அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்ப ஊசியை வைக்கிறேன். நான்காம் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்கிற ‘ஸ்பேஸ் டிரக்கிங்’ அப்படியில்லை. இருபது வயதில் அதுதான் எனக்கு உச்சம். இன்று கேட்டால் அதில் பாதி போதும்.

பிளாக் சப்பாத் குழுவின் ‘பாரனாய்ட்’ பற்றி விவாதமே இல்லை, 1970-ல் இருந்த கனம் குறையவில்லை. இரும்புத் தகடு ஆலையில் விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, நுனிக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்த கிடார் அது.

பீனிக்ஸ்_பாட்டுக்காரி:

அண்ணா, நான் உங்களுக்கு அடுத்த தலைமுறை. எனக்கு அயர்ன் மெய்டனின் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’, 1982. ஆனால் முழு ஆல்பமும் நிற்கிறது என்று சொல்ல மாட்டேன். ‘கேங்லேண்ட்’ பாட்டை அதில் வைத்துவிட்டு, அதைவிடப் பல மடங்கு நல்ல ‘டோட்டல் எக்லிப்ஸ்’ பாட்டை சிங்கிளின் பின்பக்கத்துக்குத் தள்ளியது எனக்கு இன்னும் ஆறவில்லை. ‘ஹாலோட் பி தை நேம்’ ஒன்று போதும், மற்றதெல்லாம் மன்னிக்கலாம்.

அதை நேரில் கேட்டேன். 2016 மே, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கார்னிவல் சிட்டி, திறந்தவெளி. அந்தச் சுற்றுப்பயணத்துக்கு குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சனே 747 விமானத்தை ஓட்டி வந்தார். டர்பனிலிருந்து அண்ணன் மகனோடு காரில் போனேன். ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் மே மாதக் குளிர் நம் கடற்கரை ஆட்களுக்கு ஒத்துவராது, இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கினேன். ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ தொடங்கியதும் கிடார் வாசிக்கிற ராகத்தைக் கூட்டம் முழுக்கப் பாட ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற ஆப்பிரிக்கானர் தாத்தாவும் சோவெட்டோ பையன்களும் நானும் ஒரே குரலில் பாடினோம். குளிர் எங்கே போனதென்றே தெரியவில்லை.

லெனேஷியா_பெரியவர்:

தம்பி, எல்லாம் சரி. உங்கள் பட்டியலில் நம் ஊர்க்காரர்களைக் காணோமே! டர்பனின் ஃபிளேம்ஸ் குழுவை எப்படி விட்டீர்கள்? 1968-ல் ‘ஃபார் யுவர் பிரெஷியஸ் லவ்’ ஒலிக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. அறுபதுகளின் கடைசியில் கிரே தெருப் பக்கம் ஒரு மண்டபத்தில் அவர்களைக் கேட்டேன். டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த ரிக்கி ஃபட்டார் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தான், அடி மட்டும் பெரிய ஆளின் அடி.

அப்புறம் லண்டன் போனார்கள். அமெரிக்கக் குழு பீச் பாய்ஸின் கார்ல் வில்சன் அவர்களை வைத்து 1970-ல் ‘தி ஃபிளேம்’ ஆல்பத்தைத் தயாரித்தார். அது மென்மையான பாப் இல்லை, கிடார் நன்றாகக் கடிக்கும் ராக். 1972-ல் ரிக்கியும் அதே குழுவின் பிளாண்டி சாப்ளினும் பீச் பாய்ஸிலேயே சேர்ந்தார்கள். 1973-ல் வந்த ‘ஹாலண்ட்’ ஆல்பத்தில் ‘செயில் ஆன், செய்லர்’ பாடுவது நம் டர்பன் பிளாண்டிதான். வெள்ளையர் அல்லாதவன் கடற்கரையில் எங்கே குளிக்கலாம் என்பதற்கும் சட்டம் வைத்திருந்த ஊரிலிருந்து போனவன், கலிபோர்னியாவின் கடல் பாட்டுக் குழுவுக்கு முன்குரல் கொடுத்தான். இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, ஃப்ரீடம்ஸ் சில்ட்ரன் குழுவின் ‘ஆஸ்ட்ரா’, அதுவும் 1970. அவர்களும் டர்பனில் தொடங்கியவர்கள்தான். இரவில் விளக்கைக் குறைத்துக் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த்காரன்:

ஐயா, ‘செயில் ஆன், செய்லர்’ எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், பிளாண்டியின் குரல் என்று தெரிந்து கேட்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. நேற்றிரவு ஃபிளேமின் ‘சீ தி லைட்’ பாட்டை இணையத்தில் கேட்டேன். முதல் சில நொடிகளிலேயே டிரம்ஸ் பிடித்து இழுத்துவிட்டது. டீப் பர்ப்பிளுக்குப் பக்கத்தில் வைக்கத் தயங்க மாட்டேன்.

தங்கச்சி, ‘டோட்டல் எக்லிப்ஸ்’ விஷயத்தில் உங்கள் பக்கம்தான்.

ஃபிளேமின் அசல் எல்.பி. டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். விற்க வேண்டாம், ஒரு முறை கேட்க விட்டால் போதும், நானே வருகிறேன்.