டயலை எங்கே வைத்தாலும் டிஹியூமிடிஃபையர் நிற்கவில்லை. ஹியூமிடிஸ்டாட் கோளாறா?

சிவகாசி_ஆஃப்செட்

வணக்கம். சிவகாசியில் சின்ன ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டால் அதிலிருந்து டிசம்பர் வரை காலண்டர் வேலைதான். மழையும் சரியாக அந்த மாதங்களில்தான் வருகிறது. போன வருடம் ஆர்ட் பேப்பர் கட்டின் ஓரமெல்லாம் ஈரம் குடித்து அலை அலையாக எழும்பி, நான்காவது கலருக்கு ரெஜிஸ்டரே (ஒரு கலர் மேல் அடுத்த கலர் சரியாகப் பொருந்துவது) உட்காரவில்லை. இரண்டு ரீம் பழைய பேப்பர் கடைக்குப் போனது.

அதனால் இந்த வருடம் செகண்ட் ஹேண்டில், அறைக்காற்றின் ஈரத்தை எடுக்கும் ஒரு டிஹியூமிடிஃபையர் வாங்கினேன். ஈரப்பதம் பார்த்து அதை ஓட்டி நிறுத்தும், சுவரில் மாட்டும் ஹியூமிடிஸ்டாட்டும் அதோடு வந்தது. எலக்ட்ரானிக் கிடையாது. முன்பக்கம் ஒரு டயல், 20 முதல் 80 வரை எண்கள், அவ்வளவுதான். 55-இல் வைத்திருக்கிறேன். பிரச்சினை என்னவென்றால் மெஷின் நிற்பதே இல்லை. ஆன்லைனில் வாங்கிய டிஜிட்டல் மீட்டர் பகலில் 46 காட்டுகிறது, இரவு கதவை மூடிய பிறகு 38 வரை இறங்குகிறது. டயலை 80 வரை திருப்பிவிட்டேன், அப்போதும் ஓடுகிறது. காலையில் வந்தால் தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஃபீடரில் இரண்டு இரண்டாகப் போகின்றன. போன வருடம் ஈரத்தால் அழுதேன், இந்த வருடம் காய்ந்து அழுகிறேன். இதைச் சரி செய்ய முடியுமா, அல்லது தூக்கிப் போட்டுவிடட்டுமா?

ஏசி_மெக்கானிக்_தென்காசி

தூக்கிப் போடுங்கள் சார். டிஜிட்டல் கன்ட்ரோலர் மலிவாகவே கிடைக்கிறது. இந்த டயல் வகையறாவெல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம்.

பஞ்சாலை_ஃபிட்டர்

தம்பி, அவசரப்பட்டு எறியாதீர்கள். கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லின் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டில் முப்பது வருடம் இருந்தவன் நான். அந்த டப்பாவுக்குள் இருப்பது பெரும்பாலும் மனித முடிக் கற்றை, இல்லையென்றால் நைலான் பட்டை. காற்றில் ஈரம் ஏறினால் முடி நீளும், இறங்கினால் சுருங்கும். எலும்பு போல் காய்ந்த காற்றிலிருந்து முழு ஈரம் வரைக்கும் போனாலும் நீளம் மாறுவது இரண்டு, இரண்டரை சதவீதம்தான். அந்தத் துளி அசைவை ஒரு நெம்புகோல் வாங்கி மைக்ரோ ஸ்விட்சைத் தட்டும். டயலைத் திருப்பும்போது நீங்கள் செய்வது, எவ்வளவு நீண்டால் தட்ட வேண்டும் என்று ஸ்பிரிங்கை இழுத்துச் சொல்வது. கரண்டே இல்லாவிட்டாலும் முடி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். அந்த டப்பாவில் 230 வோல்ட் இருக்கலாம், விளையாட்டில்லை. அப்புறம் டயலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். எங்கேயாவது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வருகிற இடம்தான், இப்போது அறையில் எத்தனை சதவீதம் ஈரம் என்று அந்த முடி நினைத்துக்கொண்டிருக்கும் எண்.

சிவகாசி_ஆஃப்செட்

அண்ணே, 20-இலிருந்து 80 வரை நான்கு தடவை திருப்பிப் பார்த்தேன். டிக் வரவே இல்லை.

பஞ்சாலை_ஃபிட்டர்

அப்படியென்றால் உள்ளே முடி அறுந்திருக்கலாம், தளர்ந்திருக்கலாம், அல்லது எதுவோ சிக்கியிருக்கலாம். முடி அறுந்தால் நெம்புகோல், முடி ரொம்ப நீண்டுவிட்ட பக்கமாகவே சாயும். அதாவது அறை முழுக்க ஈரம் என்று அது நம்பும், டிஹியூமிடிஃபையர் நிற்காது. உங்கள் அறிகுறி அதோடு ஒத்துப்போகிறது. மூடியைக் கழற்றிப் பாருங்கள். முடியை விரலால் தொடாதீர்கள், கை எண்ணெய் ஆகாது. இன்னொன்று, இதை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?

சிவகாசி_ஆஃப்செட்

கழற்றினேன். முடி அறுபடவில்லை. ஆனால் வெள்ளை வெளேரென்று மாவு அப்பியிருக்கிறது! நெம்புகோலின் அச்சு, ஸ்பிரிங், எல்லா இடத்திலும் மாவு. பார்த்ததும் புரிந்துவிட்டது. அச்சு மெஷினில் தாள் வந்து விழும் டெலிவரி பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். தாள் அடுக்கில் ஒரு தாளின் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டாமல் இருக்க ஸ்பிரே பவுடர் தூவுவோம், அதுதான் இது.

ஐ.பி.ஏ. (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) கைவசம் இருக்கிறது, அதைத் தொட்டுத் துடைக்கட்டுமா?

பஞ்சாலை_ஃபிட்டர்

வேண்டாம், வேண்டாம். ஐ.பி.ஏ., மண்ணெண்ணெய், பிளேட் கழுவுகிற ரசாயனம் எதுவும் முடிப்பக்கம் போகக் கூடாது. அதே மாதிரி, முடிதானே என்று தேங்காய் எண்ணெயும் வைத்துவிடாதீர்கள்! எண்ணெய்ப் பசை நீக்கிய முடியைத்தான் உள்ளே கட்டியிருப்பார்கள், எண்ணெய் பட்டால் அது காற்றோடு பேசாது.

பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். மெல்லிய வாட்டர் கலர் பிரஷ் ஒன்று. முதலில் உலர்ந்த பிரஷால் மாவைத் தட்டிவிட்டு, அப்புறம் தண்ணீர் தொட்டு, முடியின் நீளவாக்கில் மட்டும் தடவுங்கள். உங்கள் பவுடர் பெரும்பாலும் ஸ்டார்ச்சுதானே? ஸ்டார்ச்சே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். முடிக்கு மேல் ஈரமான சட்டை போட்டுவிட்டு வெயிலைக் கேட்டால் அது என்ன சொல்லும்?

ஸ்விட்ச் பக்கம் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவிய பிறகு வயரைக் கழற்றி, டப்பாவை ஈரத்துணி போட்ட மூடிய பாத்திரத்துக்குள் ஒரு மணி நேரம் வையுங்கள், துணி முடியில் படாமல். ரொம்ப நாள் வறண்ட இடத்தில் கிடந்த முடி தன் அளவை மறந்துவிடும், இந்தக் குளியல்தான் நினைவுபடுத்தும். மில்லில் நாங்கள் அவ்வப்போது செய்வதுதான்.

காளான்_குடில்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் இதே மாதிரி டயல்தான், ஆனால் எனக்கு நேர் எதிர் வேலை. காளான் அறையில் ஈரம் 80-க்குக் கீழே இறங்கினால் மிஸ்ட் மோட்டார் ஓட வேண்டும். முதல் தடவை ஒயர்மேன் மாற்றி மாட்டிவிட்டார். அறை ஏற்கெனவே நனைந்து கிடக்கும்போது மோட்டார் ஓடும், காய்ந்ததும் நின்றுவிடும். உள்ளே மூன்று டெர்மினல் இருக்கும்: ஒரு காமன், ஈரம் ஏறினால் சேருவது ஒன்று, இறங்கினால் சேருவது ஒன்று. சிவகாசி அண்ணன் அதையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

ஒரு சந்தேகமும் கேட்டுவிடுகிறேன். மூன்றாவது டெர்மினல் சும்மாதானே கிடக்கிறது, அதில் இன்னொரு மெஷினையும் மாட்டி, ஏறினால் இது, இறங்கினால் அது என்று ஓட்டலாமா?

ஒயர்மேன்_விருதுநகர்

கூடாது. ஒரு ஸ்விட்ச் எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்தேதான் இருக்கும். ஒன்று நின்ற நொடியே மற்றது ஓடும். ஒருத்தன் தண்ணீர் ஊற்ற, இன்னொருத்தன் துடைக்க, மீட்டர் மட்டும் நிற்காமல் சுற்றும். இரண்டு வேலைக்கு இரண்டு ஹியூமிடிஸ்டாட், நடுவில் பத்து சதவீதமாவது இடைவெளி வேண்டும்.

சிவகாசி_ஆஃப்செட்

அண்ணே, கழுவியாயிற்று. டிக் வந்துவிட்டது! எத்தனை சந்தோஷம் தெரியுமா. ஆனால் 68-இல் வருகிறது. ஈரத்துணிக் குளியல் கொடுத்து, மறுபடி அறைக்காற்றில் நான்கு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். டயலைக் கீழிருந்து மேலே திருப்பினால் 66-இலும், மேலிருந்து கீழே திருப்பினால் 61-இலும் டிக். எது சரி? டிஜிட்டல் மீட்டர் 46 என்கிறது.

பஞ்சாலை_ஃபிட்டர்

இரண்டும் சரிதான். அந்த ஐந்து இடைவெளி வேண்டுமென்றே வைத்தது. அது இல்லாவிட்டால் மெஷின் நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடி ஓடி நிற்கும். நடுவில் எடுத்துக்கொள்ளுங்கள், 63 என்று வைப்போம்.

இனி முடி பொய் சொல்கிறதா, மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு உப்புப் பரீட்சை. பாட்டில் மூடியில் தூள் உப்பு போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈர மணல் மாதிரி இருக்க வேண்டும், முழுதாகக் கரையக் கூடாது. அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75-இல் போய் நிற்கும். நம்ம ஊர் வெப்பத்துக்கு அது அசையாத எண். கல்லுப்பு வேண்டாம், அதில் மெக்னீசியம் கலந்திருக்கும், கணக்கு தப்பும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி முதலில் கசிவதும் அதனால்தான்.

முடிந்தால் இரண்டு சாதாரண தெர்மாமீட்டரும் வாங்குங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டுக்கும் ஃபேன் காற்று படட்டும். மில்லில் வெட் பல்ப், டிரை பல்ப் என்று காலம் காலமாக இதைத்தான் நம்புகிறோம்.

சிவகாசி_ஆஃப்செட்

உப்புப் பரீட்சையில் மீட்டர் 70 காட்டியது. அப்படியென்றால் என் டிஜிட்டல்தான் ஐந்து குறைவாகச் சொல்கிறதா?

தெர்மாமீட்டரும் வைத்தேன். காய்ந்தது 30, ஈரத்துணி சுற்றியது 22. அப்போது மீட்டர் 45 காட்டியது.

பஞ்சாலை_ஃபிட்டர்

30-க்கு 22 என்றால் அட்டவணையில் ஈரப்பதம் 50. மீட்டர் 45, ஐந்தைக் கூட்டினால் 50. இரண்டு சாட்சியும் ஒத்துப்போகின்றன. டிஜிட்டல் வாங்குங்கள் என்று மேலே ஒருவர் சொன்னாரே, அவருக்கும் இது.

ஆக உங்கள் முடி 13 அதிகமாகச் சொல்கிறது. நெம்புகோலுக்குப் பக்கத்தில் பெயின்ட் வைத்து அடைத்த ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். டயலை 50-இல் வைத்து, அந்த ஸ்குரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பி டிக் வரும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுவே முடிப்பக்கம் மூச்சு விடாதீர்கள், வாய்க்காற்றின் ஈரம் போதும் அதைக் கெடுக்க. இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

மாட்டும் இடத்தையும் மாற்றுங்கள். டெலிவரி பக்கம் வேண்டாம், வெளிச்சுவர் வேண்டாம், டிஹியூமிடிஃபையர் காய்ந்த காற்றைத் துப்பும் வாய்க்கு எதிரேயும் வேண்டாம். பேப்பர் கட்டு இருக்கும் பக்கம், நெஞ்சுயரத்தில். மோட்டார் சூட்டுக்கு அருகில் இருந்தால் அதுவும் தப்பு: 30 டிகிரியில் 50 காட்டும் அதே காற்று 32 டிகிரியில் 45 தான் காட்டும்.

சிவகாசி_ஆஃப்செட்

எல்லாம் செய்தேன் அண்ணே. ஸ்குரூ வைத்தாயிற்று, இடம் மாற்றியாயிற்று, டிக் சத்தம் மணி மாதிரி வருகிறது. ஆனால் மெஷின் இன்னும் நிற்கவில்லை!! பைத்தியம் பிடிக்கிறது.

ஒயர்மேன்_விருதுநகர்

நல்லது, இனி என் வேலை. மெயினை ஆஃப் செய்து, ஹியூமிடிஸ்டாட்டிலிருந்து வரும் இரண்டு வயரையும் டிஹியூமிடிஃபையர் பக்கம் கழற்றி, மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து அந்த வயர் முனைகளைத் தொடுங்கள். டயலைத் திருப்பும்போது பஸ்ஸர் வந்து வந்து நின்றால் ஹியூமிடிஸ்டாட் குற்றவாளி இல்லை. அப்புறம் மெஷினின் டெர்மினல் ஸ்டிரிப்பை போட்டோ எடுக்காமல் கண்ணால் நன்றாகப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் என்றீர்களே, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

சிவகாசி_ஆஃப்செட்

பஸ்ஸர் ஒழுங்காக வந்து நிற்கிறது. டெர்மினல் ஸ்டிரிப்பில், ஹியூமிடிஸ்டாட் வயர் வரும் இரண்டு ஸ்குரூவுக்கும் பின்பக்கமாக, இரண்டு அங்குல நீலவயரில் ஒரு லூப் போட்டு வைத்திருக்கிறார்கள். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹியூமிடிஸ்டாட்டைக் கழற்றி ஆற்றில் போட்டிருந்தாலும் மெஷின் ஓடியிருக்கும்!

ஒயர்மேன்_விருதுநகர்

அதேதான். ஆனால் லூப்பை எடுத்துவிட்டு உடனே ஓட்டாதீர்கள். அவர் ஏன் போட்டார் என்று பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் கரண்ட் நேராக ஹியூமிடிஸ்டாட் வழியாகப் போகிறதா? ஸ்விட்சில் எத்தனை ஆம்ப் என்று எழுதியிருக்கிறது?

சிவகாசி_ஆஃப்செட்

ஆமாம், நடுவில் எதுவும் இல்லை, நேராகத்தான். ஸ்டிக்கரில் 5, அதை அடுத்து அடைப்புக்குறிக்குள் 3. மெஷின் பிளேட்டில் 6 ஆம்ப். ஸ்விட்ச் டெர்மினல் ஒன்று கருத்திருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன்.

ஒயர்மேன்_விருதுநகர்

5 என்பது ஹீட்டர் மாதிரி லோடுக்கு. அடைப்புக்குறிக்குள் இருக்கும் 3 தான் மோட்டாருக்கு. உங்கள் கம்ப்ரஸர் ஓடும்போதே 6, கிளம்பும்போது அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பாவம், அந்தக் குட்டி ஸ்விட்ச் எத்தனை நாள் தாங்கும்? எப்போதோ சூடாகியோ ஒட்டியோ தொந்தரவு கொடுத்திருக்கும், அவர் லூப் போட்டு வேலையை முடித்துவிட்டார். ஒரு கான்டாக்டர் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஓட்டி நிறுத்தும் ஸ்விட்ச்) வாங்குங்கள். ஹியூமிடிஸ்டாட் அதன் காயிலை மட்டும் இயக்கட்டும், கம்ப்ரஸர் கரண்ட் கான்டாக்டர் வழியாகப் போகட்டும். காயில் 230 வோல்ட்தானா என்று பார்த்து வாங்குங்கள், கடையில் 24 வோல்ட் காயிலும் தருவார்கள். மாட்டுவதை லைசென்ஸ் உள்ள ஆளிடம் விடுங்கள்.

ஏசி_மெக்கானிக்_தென்காசி

ஒப்புக்கொள்கிறேன், நான் சொன்ன டிஜிட்டலை வாங்கி மாட்டியிருந்தாலும் அந்த லூப் இருக்கும் வரை நின்றிருக்காது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: கம்ப்ரஸர் நின்றதும் உடனே கிளம்பக் கூடாது. கான்டாக்டரோடு மூன்று நிமிட டிலே டைமர் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

சிவகாசி_ஆஃப்செட்

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். கான்டாக்டர், டைமர் இரண்டும் மாட்டியாயிற்று. டயல் 52-இல் இருக்கிறது. மீட்டரோடு ஐந்தைக் கூட்டிப் பார்த்தால் 50-இல் நிற்கிறது, 55 தொடும்போது ஓடுகிறது. நேற்று ராத்திரி முழுக்க மழை, காலையில் கட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஓரம் தட்டையாக இருந்தது. நான்கு கலரும் உட்கார்ந்தது. டப்பாவுக்கு வெளியே மெல்லிய துணி ஏதாவது கட்டினால் பவுடர் உள்ளே போகாதா அண்ணே?

பஞ்சாலை_ஃபிட்டர்

கட்டாதீர்கள், துணி அடைத்துக்கொண்டால் காற்றும் போகாது. மாதம் ஒரு தடவை மூடியைக் கழற்றி உலர்ந்த பிரஷால் தட்டுங்கள், போதும். பொங்கலுக்குப் பிறகு மறுபடி 30-க்கு 22 பார்த்துவிட்டு எழுதுங்கள்.